உறைபனிக் காலமும் ஓடும் கால்களும்

(மலைப்பகுதிப் பள்ளி ஆசிரியர்களுக்கான குறுவளமையக் கூட்டத்தில், நீலகிரி மாவட்ட உடற்கல்வி ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



தலைப்பைச் சொன்னதும் பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தது எனக்குக் கேட்டது. கால் குளிர்வதற்கெல்லாம் ஒரு பேச்சா என்று நினைத்திருப்பீர்கள். தவறில்லை. கலந்தாய்வில் நீலகிரி கிடைத்து, ஈரோட்டுப் பக்கத்திலிருந்து இங்கே வந்த முதல் வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு டிசம்பர் காலையில் தலைக்குத் தேய்க்கத் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தேன். எண்ணெய் வரவில்லை. 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்துவிடும் என்று பாடத்தில் படித்தவள்தான். ஆனாலும் பாட்டிலை வெயிலில் வைத்துவிட்டு வாசலில் காத்துக்கொண்டு நின்றபோதுதான் எந்த ஊருக்கு வந்திருக்கிறேன் என்பது உறைத்தது.

உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, மேகமில்லாத இரவுகளில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். சுவரில் மாட்டிய வெப்பமானி 3 டிகிரி காட்டும்போதே கீழே புல்நுனியில் வெள்ளைப் படலம் பிடித்திருக்கும். சரி, நம் பள்ளி மைதானங்கள் எங்கே இருக்கின்றன? பெரும்பாலும் பள்ளத்தில்தான். மலையில் சமதளம் கிடைக்கும் இடம் அதுதானே. ஆக, ஊரிலேயே அதிகமாகக் குளிரும் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதிகாலையில் பிள்ளைகளை அங்கே வரிசையில் நிற்க வைக்கிறோம்.

அடுத்து என் பைத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஓடுகிறவள். அதிலும் மெல்லிய அடிப்பாகம் உள்ள காலணியில் ஓடுகிறவள். மினிமலிஸ்ட் ஷூ என்கிறார்கள். குதிகாலில் மெத்தை இருக்காது. முன்னும் பின்னும் ஒரே உயரம். விரல்கள் விரிய இடம் இருக்கும். கையில் எடுத்தால் சப்பாத்திபோலச் சுருட்டிவிடலாம்.

எத்தியோப்பியாவின் அபெபே பிக்கிலா 1960 ரோம் ஒலிம்பிக்கில் மாரத்தானை வெறுங்காலில் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வென்ற கதையை நாம் எல்லோருமே வகுப்பில் சொல்லியிருப்போம். 1964-இல் டோக்கியோவில் அதே மனிதர் காலணி போட்டுக்கொண்டு ஓடியும் வென்றார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. மெக்சிகோ மலைகளில் வாழும் ராராமுரி மக்கள் பழைய டயரை வெட்டிச் செய்த செருப்பில் நெடுந்தூரம் ஓடுகிறார்கள். நம் ஊர் டயர் செருப்புக்கு அது ஒன்றுவிட்ட அண்ணன். 2010-இல் ஹார்வர்டு பேராசிரியர் டேனியல் லீபர்மன் குழுவினர் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தையோ நடுப்பாதத்தையோ முதலில் ஊன்றுகிறார்கள், மெத்தைக் காலணி போட்டவர்கள் பெரும்பாலும் குதிகாலை ஊன்றுகிறார்கள் என்பது அதன் சாரம். தரையைப் பாதம் உணர்கிறது, உணர்வதால் மெதுவாக இறங்குகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு, எங்கள் பிள்ளைகள் போட்டுவரும் மெல்லிய கேன்வாஸ் ஷூவைப் பார்த்து எனக்கு ஒரே பெருமிதம். உலகம் இப்போதுதான் கண்டுபிடிக்கிறது, நம் பிள்ளைகளுக்கு ஏற்கனவே இருக்கிறது என்று கூட்டங்களில்கூடப் பேசியிருக்கிறேன். அடிப்பாகம் தேய்ந்து மெல்லிசானதற்கும் மெல்லிசாகவே செய்ததற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அப்போது புரியவில்லை. வேறு காலணி வாங்க வழியில்லாததை நான் விளையாட்டு அறிவியல் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். 1500 மீட்டர் ஓட்டம். அப்பா இல்லை, அம்மா தேயிலைத் தோட்டத்தில் வேலை. மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தாள். பள்ளியில் கொடுத்த காலணி ஓடுவதற்குக் கனமாக இருக்கிறது என்றாள். "கேன்வாஸே போதும்மா" என்று சொன்னது நான்தான்.

ஜனவரி மாதம். காலை ஆறே முக்கால். மைதானம் முழுக்க உப்பைக் கொட்டியதுபோல வெள்ளை. அவள் சரியான நேரத்துக்கு வந்துவிட்டாள். நான் சுண்ணாம்புப் பொடி கொண்டு தடம் போட்டுக்கொண்டிருந்தேன். "இரும்மா, அஞ்சு நிமிஷம்" என்றேன். அந்த அஞ்சு நிமிஷம் இருபத்தைந்து நிமிடம் ஆனது. ஆசிரியரின் ஐந்து நிமிடம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். அதுவரை அவள் புல்லின் மேல் நின்றுகொண்டிருந்தாள்.

ஓட ஆரம்பித்து இரண்டாவது சுற்றில் சொன்னாள்: "டீச்சர், காலு இருக்கிற மாதிரியே இல்ல."

"ஓடு, ஓடு, சூடாயிடும்" என்றேன்.

முடித்துவிட்டு வந்து ஷூவைக் கழற்றினாள். விரல்கள் மெழுகுபோல வெளுத்திருந்தன. இடது பாதத்தில் ஒரு ஜல்லிக்கல் ஷூவின் அடியைக் கிழித்துக்கொண்டு குத்தியிருந்தது. காலுறையில் ரத்தம். அவளுக்கே தெரியவில்லை. எனக்குப் பதற்றமாகிவிட்டது. சமையல் கூடத்திலிருந்து ஒரு பேசினில் வெந்நீர் வாங்கிவந்து அவள் காலை உள்ளே வைத்தேன். "சூடா இருக்காம்மா?" என்று கேட்டேன். "ஒண்ணும் தெரியல டீச்சர்" என்றாள். இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

மாலைக்குள் இரண்டு காலிலும் கொப்புளம். போட்டிக்கு அவள் போகவில்லை.

மறுநாள் அவர்கள் லயன் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். பிறகு சொன்னார்: "வெறச்ச காலுக்கு வெந்நி ஊத்தக் கூடாதுங்க டீச்சர். அடுப்புக்கிட்டயும் காட்டக் கூடாது. ஈரத்தைத் தொடச்சு, துணியில சுத்தி, நம்ம மடியில வெச்சுக்கணும். தானா வரும். நீங்க கீழ்நாட்டுக்காரவங்க, உங்களுக்குத் தெரியாது." மருத்துவரும் பிறகு அதையேதான் சொன்னார். வெதுவெதுப்பான நீர் வேண்டுமென்றால் 37, 38 டிகிரி போதும், அந்தச் சூட்டை நம் முழங்கையால் பார்க்க வேண்டும், மரத்துப்போன காலை வைத்துப் பார்க்கக் கூடாது என்றார். மரத்த கால் பொய் சொல்லும். நான் அந்தக் காலிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று குளிர்காலங்கள் நான் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கால்களையும் பிள்ளைகளின் கால்களையும். அதில் எனக்குத் தெரியவந்தது ஒன்றுதான். மெல்லிய காலணியில் ஓடுகிற பிள்ளைக்கு ஓடும்போது கால் அவ்வளவாகக் குளிர்வதில்லை. ஓடுவதற்கு முன் நிற்கும்போதும், கால் நனையும்போதும்தான் குளிர்கிறது. நிற்க வைப்பது நாம். நனையும் இடத்துக்கு அனுப்புவதும் நாம். அடிப்பாகம் மெல்லியதாக இருப்பது மூன்றாவது காரணம்தான்.

ஏன் என்று அறிவியல் ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உடம்பு குளிரும்போது அது முதலில் காப்பாற்ற நினைப்பது இதயத்தையும் நுரையீரலையும் மற்ற உள்ளுறுப்புகளையும். அதற்காகக் கை, கால் விரல்களுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. வீட்டில் தண்ணீர் குறைந்தால் தோட்டத்துக் குழாயை மூடுகிறோம் அல்லவா, அதுபோல. பாதத்தில் தொடையில் இருப்பதுபோலப் பெரிய தசைகளும் இல்லை, தானே சூடு உண்டாக்கிக்கொள்ள. மேலிருந்து வரும் ரத்தம்தான் அதற்கு அடுப்பு. ஓட ஆரம்பித்துப் பத்து, பதினைந்து நிமிடத்தில் உடம்பு சூடானால் குழாய்கள் மறுபடி திறக்கும், விரல்களில் சுருக்கென்று ரத்தம் வரும். ஏற்கனவே விறைத்து ஈரமாகிப்போன காலுக்கு மட்டும் அது வந்து சேர நெடுநேரம் ஆகும். அந்த நேரத்தில்தான் பிள்ளை ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே கால் குளிர்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் முதலில் தலையைப் பாருங்கள். குல்லா இருக்கிறதா? ஸ்வெட்டர் இருக்கிறதா? கணுக்காலும் கெண்டைக்காலும் மூடியிருக்கின்றனவா? அரசு தரும் ஸ்வெட்டரை "ஓடும்போது கழற்று" என்று நாமே கழற்ற வைக்கிறோம். வியர்க்க ஆரம்பித்த பிறகு கழற்றினால் போதும். பெண்பிள்ளைகள் பாவாடைச் சீருடையில் வந்தால் உள்ளே ஒரு நீளக் கால்சட்டை போட்டுக்கொள்ள அனுமதியுங்கள். தலைமை ஆசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள், உங்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன். சீருடை விதியில் ஒரு மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டால் ஒன்றும் ஆகிவிடாது.

நிற்பதைப் பற்றி. நாங்கள் இப்போது வருகைப் பதிவை வகுப்பறையில் முடித்துவிடுகிறோம். உடலைச் சூடேற்றும் பயிற்சி மொத்தமும் வராந்தாவில்தான். கயிறு இல்லாமல் கயிறாட்டம், நின்ற இடத்தில் ஓட்டம், பிறகு நுனிக்காலில் எழுந்து இறங்குவது முப்பது முறை. இது கெண்டைக்கால் தசையை வேலை வாங்குவதால் பாதத்துக்குச் சீக்கிரம் சூடு இறங்குகிறது. மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகே மைதானம். அங்கே போனதும் ஓட்டம்தான், விளக்கம் கிடையாது. விளக்க வேண்டியதையெல்லாம் உள்ளேயே விளக்கிவிடுவேன். தடம் முந்தின நாள் மாலையே போட்டாகிவிடும்.

காலை வணக்கக் கூட்டம் மட்டும் இன்னும் பல பள்ளிகளில் புல்லின் மேல்தான் நடக்கிறது. அதைப் பற்றி நான் சொன்னால் அதிகப்பிரசங்கம் ஆகிவிடும். பனிக்காலத்தில் வெயில் விழும் சிமெண்டு முற்றத்துக்கு மாற்றினால் பிள்ளைகள் உங்களை வாழ்த்துவார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நனைவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உறைபனியைப் பார்த்துத்தான் நாம் பயப்படுகிறோம். என் அனுபவத்தில் அது உருகுகிற எட்டு, எட்டரை மணிதான் மோசமான நேரம். வெயில் வந்துவிட்டது, இனி ஓடலாம் என்று நினைத்துப் புல்லில் இறக்கினால் ஐந்து நிமிடத்தில் கேன்வாஸ் ஊறிவிடும். நீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். காலுறையில் சிறைப்பட்டிருக்கும் காற்றுதான் காலைக் காக்கிறது. அந்தக் காற்றின் இடத்தில் நீர் புகுந்தால் காலுறை போட்டும் போடாததுபோல. அதனால் பனிக்காலத்தில் புல்லை விட்டுவிட்டு மண்பாதையிலும், வண்டி வராத தார்ச்சாலையிலும் ஓட விடுகிறேன். மெல்லிய காலணிக்குத் தார்ச்சாலை கடினம்தான், தூரத்தைக் குறைத்துக்கொள்கிறோம்.

ஒருமுறை ஒரு பையனின் ஷூவுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். ஓடுவதற்கு முன்பே ஈரம். விசாரித்தால், வீட்டில் ஒரே ஒரு ஜோடி காலுறை. இரவில் துவைத்து, காலையில் காயாமலே போட்டுக்கொண்டு வருகிறான். இந்தப் பருவத்தில் இங்கே நிழலில் போட்ட துணி காய மூன்று நாள் ஆகும். அவனுக்குத் தேவைப்பட்டது இன்னொரு ஜோடி, அவ்வளவுதான். இப்போது விளையாட்டுப் பொருள்கள் வைக்கும் அலமாரியில் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் காய்ந்த காலுறைகள் வைத்திருக்கிறேன். யாருடையது என்று பெயர் எழுதுவதில்லை. வந்ததும் மாற்றிக்கொள்ளலாம், யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. வெயில் படும் ஜன்னலில் ஒரு கயிறு கட்டியிருக்கிறோம். நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வைத்தால் மறுநாளைக்குள் பெருமளவு ஈரம் போய்விடும். ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்ற வேண்டும், இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

காலுறை பருத்தியைவிடக் கம்பளியாக இருந்தால் நல்லது. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் ஈரம் தெரியாமல் இருக்கும். பருத்தி நனைந்தால் காலோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் கம்பளிக் காலுறை வாங்கு என்று பிள்ளையிடம் சொல்வது எனக்குச் சங்கடம். எங்கள் பிள்ளைகள் சிறிதாகிப்போன பழைய ஸ்வெட்டரின் கைப்பகுதியை வெட்டி, விரல்களுக்கு மட்டும் குல்லாபோலத் தைத்துக்கொள்கிறார்கள். ஓட்டக்காரருக்கு முதலில் குளிர்வது விரல்கள்தான், குதிகால் இல்லை. மெல்லிய காலணியில் முழுக் காலுறை இரண்டு போட இடமிருக்காது, இந்த விரல் குல்லாவுக்கு இருக்கும்.

இடம் என்றதும் ஒரு முக்கியமான விஷயம். குளிர்கிறதே என்று இரண்டு காலுறையைத் திணித்து நாடாவை இறுக்கிக் கட்டும் பிள்ளைதான் முதலில் விறைக்கும். நசுங்கினால் காற்றும் போகும், ரத்தமும் போகாது. உள்ளே விரல்களை மடக்கி நீட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஒரு காலுறையைக் கழற்றச் சொல்லுங்கள். பிள்ளை நம்ப மாட்டாள், கழற்றிய பிறகு நம்புவாள்.

கீழிருந்து வரும் குளிருக்கு, பழைய கம்பளிப் போர்வையைப் பாத அளவுக்கு வெட்டி உள்ளே போடுகிறோம். மெத்தென்று தடித்த ரப்பர் அட்டை போட்டால் தரை உணர்வே போய்விடும், பிறகு மெல்லிய காலணி எதற்கு? கம்பளித் துண்டு மிதிபட்டுத் தட்டையாகிவிடும், குளிரை மட்டும் நன்றாகத் தடுக்கும். பாதத்தைக் கட்டக் காகிதத்தில் வரைந்து வெட்டும்போது எங்கள் கணக்கு ஆசிரியர் அதையே ஒழுங்கற்ற உருவத்தின் பரப்பளவுக்குப் பாடமாக்கிவிட்டார்.

அறிவியல் ஆசிரியர் சும்மா இருப்பாரா? எட்டாம் வகுப்பு வெப்பம் பாடத்தில் மூன்று எவர்சில்வர் டம்ளர்களில் ஒரே சூட்டில் வெந்நீர் ஊற்றினார். ஒன்றுக்குக் காய்ந்த காலுறை மாட்டினார், ஒன்றுக்கு நனைத்துப் பிழிந்த காலுறை, மூன்றாவதற்கு எதுவும் இல்லை. எது முதலில் ஆறும் என்று கேட்டதற்கு வகுப்பு முழுக்க "சும்மா இருக்கிறது" என்றது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியில் பார்த்துக் கரும்பலகையில் எழுதினார்கள். ஈரக் காலுறை மாட்டியதுதான் முதலில் ஆறியது. ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அன்றைக்கு மத்தியானம் மூன்று பிள்ளைகள் தாங்களாகவே வந்து பெட்டியிலிருந்து காலுறை எடுத்துக்கொண்டார்கள். அதுவரை நான் சொல்லியும் எடுக்காதவர்கள்.

பாலிதீன் பையைக் காலுறைக்கு மேல் மாட்டலாமா என்று கேட்பீர்கள். தோட்டத்தில் அப்படிச் செய்கிறார்கள். குறைந்த தூரத்துக்குச் சரி. அரை மணிக்கு மேல் போனால் உள்ளேயே வியர்த்து, கழற்றும்போது கால் ஊறிப்போயிருக்கும். அவசரத்துக்கு மட்டும்.

ஓட்டம் முடிந்த பிறகு ஐந்து நிமிடம் மிகவும் முக்கியம். உடம்பு ஆறத் தொடங்கும், காலுறை வியர்வையில் நனைந்திருக்கும். அப்போதுதான் நாம் வட்டமாக நிற்க வைத்து அறிவுரை சொல்வோம். முதலில் காலுறையை மாற்றச் சொல்லிவிட்டு அறிவுரை சொல்லுங்கள். சில பிள்ளைகளுக்கு அன்று மாலையோ மறுநாளோ விரல்நுனி சிவந்து வீங்கி, அரிப்பும் எரிச்சலுமாக இருக்கும். சில்பிளெயின் என்கிறார்கள் மருத்துவர்கள். உறையும் அளவுக்குக் குளிர் வேண்டியதில்லை, ஈரக் குளிரே போதும். அவசரமாக அடுப்பில் காய்ச்சினால் அதிகமாகும். சொறியாமல், உலர்வாக வைத்திருந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் சரியாகும். புண்ணானால் மருத்துவரிடம் அனுப்புங்கள். சேற்றுப்புண் என்று நினைத்து மருந்து தடவிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும்.

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே மெல்லிய காலணி வாங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. குளிர்காலத்தில் தொடங்காதீர்கள். குதிகால் மெத்தை போனால் கெண்டைக்காலுக்கும் குதிநரம்புக்கும் வேலை கூடும், குளிரில் அவை இறுகியிருக்கும். ஏப்ரலில், சில நூறு மீட்டரிலிருந்து தொடங்குங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பக்கமே வர வேண்டாம். மெல்லிய காலணியின் பாதுகாப்பு முழுக்கப் பாதத்தின் உணர்வில்தான் இருக்கிறது. அந்த உணர்வு குளிரால் போனாலும் சர்க்கரையால் போனாலும் ஒன்றுதான், ஜல்லிக்கல் குத்துவது தெரியாது.

அதற்காகத்தான் நாங்கள் ஒரு சோதனை வைத்திருக்கிறோம். வராந்தாவில் பயிற்சி முடிந்ததும் ஷூவைக் கழற்றி இரண்டிரண்டு பேராக உட்காருவார்கள். ஒருவர் கண்ணை மூட, இன்னொருவர் விரல்களில் ஒன்றைத் தொடுவார். எந்த விரல் என்று சரியாகச் சொன்னால் மைதானம். தவறினால் வராந்தாவில் இன்னும் ஐந்து நிமிடம். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. என் விரலையும் தொட்டுப் பார்ப்பார்கள், நானும் தோற்றிருக்கிறேன். அந்த மாணவி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் சின்னப் பிள்ளைகளுக்கு இந்தச் சோதனையை அவள்தான் நடத்துவாள். தப்பாகச் சொன்னவர்களை அவள் ஓட விடவே மாட்டாள், எவ்வளவு கெஞ்சினாலும்.

இந்த அறையின் சிமெண்டுத் தரையில் நீங்கள் காலை ஒன்பது மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். காலணிகள் வாசலில் இருக்கின்றன. காலுறை போட்டிருப்பவர்கள் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் இருப்பவரைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். பெருவிரலுக்கு அடுத்த விரலிலிருந்து தொடங்குங்கள், அதில்தான் அதிகம் பேர் தவறுவார்கள். பின்வரிசையில் சிரித்த சார் இருவரும் முன்னால் வாருங்கள், உங்களிடமிருந்தே ஆரம்பிப்போம்.